தப்பொலியில் விடிந்த பாட்டு: மக்கள் கவிமணி சி. வி. வேலுப்பிள்ளை

மக்கள் கவிமணி என்று மலையகம் கொண்டாடும் சி. வி. வேலுப்பிள்ளை ஊவாவில் பிறந்தவர் அல்லர். வட்டகொடைக்கு அருகேயுள்ள மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி பிறந்தவர். பதுளைப் பாடசாலை ஒன்றின் நூற்றாண்டு மலரில் அவருடைய வாழ்க்கை எதற்கு என்று நம் அக்காமார் சிலர் கேட்கக்கூடும். நம்மில் பலருடைய அம்மாயியும் அப்பாயியும் தப்புச் சத்தத்தில் கண் விழித்து, கூடையை எடுத்துக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு ஓடியவர்கள். பசறையானாலும் தெமோதரையானாலும் மடுல்சீமையானாலும் அந்தச் சத்தம் ஒன்றுதான். அதைக் கவிதையின் வாசலில் வைத்து, உலகத்தைக் கேட்கச் செய்தவர் சி. வி. தான். அவர் நமக்கும் உரியவர்.

பெரிய கங்காணிக் குடும்பத்தில் வந்த பிள்ளை அவர். ஆகவே லயத்துப் பிள்ளைகளுக்கு அந்நாளில் எட்டாத ஆங்கிலக் கல்வி அவருக்குக் கிடைத்தது. அட்டன் மெதடிஸ்த கல்லூரியிலும், பிறகு கொழும்பு நாலந்தாவிலும் படித்தார். கங்காணி வீட்டுத் திண்ணையில் இருந்து பார்த்தால் லயமும் தெரியும், துரை பங்களாவும் தெரியும். இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் விழும். பிற்காலத்தில் அவர் எழுதியவற்றை வாசிக்கும்போது, அந்தத் திண்ணைதான் அவருக்கு முதற்பள்ளியாக இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

கொழும்பில் படித்த இளைஞனுக்கு அக்காலத்தில் தாகூர்தான் எல்லாம். சி. வி.யும் இருபது வயதை எட்டு முன்னரே விஸ்மாஜினி என்ற இசை நாடகத்தை ஆங்கிலத்தில் எழுதினார். 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது அதை அவரிடம் நேரில் கொடுத்தார். மலையகத்துப் பையன் ஒருவன் நோபல் பரிசு பெற்ற கவிஞரின் கையில் தன் நூலை வைத்தது பெரிய செய்தியே. ஆனாலும் அந்த வயதுக் கவிதை தாகூரின் நிழலில் வளர்ந்த செடி. அதில் மடக்கும்பரையின் பனி இல்லை. தன் சொந்த மண்ணின் சத்தம் அவருடைய எழுத்தில் கேட்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

அந்தச் சத்தம் எப்படிக் கவிதையானது என்பதைச் சொல்லுமுன் புலன் கலப்பு என்பதைக் கொஞ்சம் பேசவேண்டும். ஒரு புலனால் அறிவதை இன்னொரு புலனின் சொல்லால் சொல்வதுதான் அது. பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் 1857இல் வெளியிட்ட தொகுப்பில் வாசனை, நிறம், ஓசை ஆகியவற்றை ஒன்றோடொன்று உறவாட விட்டார். அதன்பின் ஐரோப்பாவில் இது ஒரு கவிதை நெறியாகவே பேசப்பட்டது. உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுத்த தங்கைமாருக்கு இதன் ஆங்கிலப் பெயர் நினைவிருக்கும். நமக்கோ இது புதிதல்ல. கோபத்தில் வந்த வார்த்தையைச் சுடுசொல் என்கிறோம். சொல் எப்படிச் சுடும்? பிள்ளையின் மழலை இனிக்கிறது என்கிறோம். கரகரத்த குரல், கண்ணுக்குக் குளிர்ச்சி என்றெல்லாம் யோசிக்காமலே பேசுகிறோம். கேள்வி அதிகாரத்தில் வள்ளுவர் செவிக்கும் ஒரு சுவை உண்டென்று சொல்லி, அதை அறியாமல் வாய்ச்சுவை மட்டும் அறிந்தவர்களைக் கடிந்துகொள்கிறார். பாரதியோ நாட்டின் பெயரையே காதால் சுவைத்தவர். ஆகவே புலனைக் கலப்பது தமிழில் அலங்காரமாக மட்டும் இருந்ததில்லை. அது பேச்சிலேயே இருக்கிறது.

தொல்காப்பியர் உயிர்களை வகைப்படுத்தும்போது புலன்களுக்கு ஒரு வரிசை வைக்கிறார். முதலில் மெய்யால் அறிவது, பிறகு நாக்கு, பிறகு மூக்கு, அதன்பின் கண், கடைசியில் செவி. தோட்டத்து விடியலில் இந்த வரிசை தலைகீழாகிவிடும். நாலரை, ஐந்து மணிக்குக் கண்ணுக்கு வேலையே கிடையாது. வெளியில் கும்மிருட்டு, போதாததற்கு மூடுபனி. முதலில் விழிப்பது காதுதான். லயத்துக் கோடியிலிருந்து தப்பு அதிரும். அதன் அதிர்வு காதோடு நிற்காமல் நெஞ்சுக்குள்ளும் இறங்கும். பிறகு குளிர். பீலித் தண்ணீரில் முகம் கழுவும்போது தோல் விழிக்கும். அடுத்து அடுப்புப் புகை, சாயத் தேத்தண்ணியின் வாசம், நேற்றைய ரொட்டியின் ருசி. இவ்வளவும் ஆன பிறகுதான், மலைக்கு ஏறும் வழியில், பக்கத்தில் நடப்பவளின் முகம் தெரியும். கண் கடைசியாக வரும் புலன்.

தப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. தூர தேசத்தில் பிறந்த நம் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். வட்டமான சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய பறை அது. நெருப்பில் காட்டிச் சூடேற்றினால்தான் சத்தம் எழும்பும். கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி. லயத்துக்குள் இருந்தபடியே, அடியை வைத்து வெளியில் நடப்பது என்னவென்று சொல்லிவிடுவார்கள். அதே தப்புத்தான் விடியற்காலையில் பிரட்டுக்கும் அடிக்கப்பட்டது. பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, வந்த வழியே திரும்பவேண்டியதுதான். பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. ஆகவே அந்தச் சத்தத்துக்குள் பயமும் இருந்தது. அழைப்பு துரையுடையது, அடித்த கை நம்மவருடையது. பின்னாளில் இஸ்டோர் சங்கு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. சங்குக்கு ஒரே ஓர் அடிதான், அதில் கல்யாணமும் இல்லை, காமனும் இல்லை.

மலையகத்தைப் பற்றி வெளியார் எழுதியதிலும் வரைந்ததிலும் பெரும்பாலானவை கண்ணில் தொடங்கிக் கண்ணிலேயே முடிபவை. பச்சைக் கம்பளம் விரித்த மலை, வரிசையாய் நிற்கும் பெண்கள், சேலை நிறங்கள், சிரிப்பு. அப்புத்தளையில் லிப்டன் ஆசனத்தில் ஏறி நின்றாலும், எல்லையில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடித்தாலும் கண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் தூரத்தில் நிற்பவருக்குத்தான் கண் முதற்புலன். கொழுந்து எடுப்பவளுக்கு அப்படியில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது என்பதை அவள் விரல்தான் அறியும். முற்றின இலையையும் பிஞ்சையும் விரல் நுனி பிரித்துவிடும். கூடைக் கயிறு தலையில் அழுத்துகிற அழுத்தத்தை வைத்தே கொழுந்து மடுவத்தில் எத்தனை றாத்தல் நிற்கும் என்று கணக்குச் சொல்வாள். படங்கு நனைந்த கனம், காலில் அட்டை கடித்த இடத்துச் சுணை, மழைக்கு முன் வரும் மண்வாசம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

இனி அவர் வாழ்க்கைக்கு வருவோம். ஆசிரியராக இருந்த சி. வி. இலங்கை இந்தியன் காங்கிரஸில் சேர்ந்து தொழிற்சங்கப் பணியில் இறங்கினார். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றார். அதே தேர்தலில் அதே காங்கிரஸின் சார்பில் நம் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையாவும், அளுத்நுவரவிலிருந்து டி. இராமானுஜமும் தெரிவானார்கள். தோட்டத்து மக்களின் வாக்கில் தோட்டத்தின் குரல் சபைக்குப் போன தேர்தல் அது. ஆனால் அந்தக் குரல் நீடிக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தல் சட்டத்தில் வந்த திருத்தமும் அம்மக்களை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின. காங்கிரஸ் உறுப்பினர்கள் எதிர்த்தார்கள், எதிர்ப்பு எடுபடவில்லை. 1952 தேர்தலில் பதுளையிலோ தலவாக்கலையிலோ அவர்களுக்கு வாக்களிக்கப் பட்டியலில் ஆளில்லை. அந்த ஆண்டு கொழும்பில் நடந்த சத்தியாக்கிரகத்தில் சி. வி.யும் கலந்துகொண்டார்.

ஒரு பாராளுமன்ற உறுப்பினர் தன் மக்களுக்காகச் சபையில் பேசினார், சபை கேட்கவில்லை. பேசுவதற்கான இடமும் போயிற்று. இந்த நிலையில்தான் 1954இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே என்று பொருள்படும் பெயரோடு அவருடைய ஆங்கில நெடுங்கவிதை நூலாக வந்தது.

அக்கவிதை தப்பு அதிர்வதில் தொடங்குகிறது. அடுத்த கணமே அந்த அதிர்வு காதை விட்டுவிட்டு வெளிச்சத்துக்குத் தாவுகிறது. சத்தம் கேட்டுத் திடுக்கிட்டது மனிதர் அல்லர், விடியல். தேயிலையின் மேல் கிடந்து நடுங்குவதும் விடியல்தான். அதற்குப் பிறகே பனித்துளி வருகிறது, மனிதரின் மூச்சு வருகிறது. இங்கே என்ன நடக்கிறது என்று நிதானித்துப் பார்க்கவேண்டும். கேட்பதற்கு உரிய அதிர்வைக் காண்பதற்கு உரிய ஒளியில் ஏற்றி, அதைத் தோலுக்கு உரிய நடுக்கமாக முடித்திருக்கிறார். செவி, கண், மெய் மூன்றும் சில சொற்களுக்குள் ஒன்றாகிவிடுகின்றன. ஐரோப்பியக் கவிஞரைப் பார்த்துப் பழகிய வித்தை என்று யாராவது சொல்லலாம். ஆங்கிலக் கவிதை நிறையப் படித்தவர் என்பதால் அதற்கும் இடமுண்டு. ஆனால் நாலரை மணிக்கு லயத்தில் படுத்திருந்த எவருக்கும் இது வித்தையாகத் தெரியாது. குளிரில் நடுங்கும் உடம்புக்கு உலகமே நடுங்குவதாகத்தான் இருக்கும். தப்பு அடிக்கும்போது கதவு இடுக்கில் வெளிச்சமும் அதிரும். புலன்கள் அங்கே முதலிலேயே கலந்துதான் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து எழுதினால்தான் அது செயற்கை.

சபை கேட்காத பேச்சைக் கவிதை எப்படிக் கேட்கவைக்கும் என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. சட்டத்தின் முன் அம்மக்கள் வெறும் தொகை. இத்தனை இலட்சம் பேர், இத்தனை விண்ணப்பம், இத்தனை நிராகரிப்பு. தொகையை வாசிப்பவருக்குக் குளிராது. கொழும்பில் ஆங்கிலம் வாசித்த ஒரு கனவான் மனுக்களை ஒதுக்கிவிடலாம். அவருடைய காதில் தப்பை அடித்து, அவருடைய விடியலை நடுங்கவைத்துவிட்டால் ஒதுக்குவது கொஞ்சம் கடினம். சி. வி. புலன்களைக் கலந்து எழுதியதன் தேவை இதுதான் என்று நாம் நினைக்கிறோம்.

அதே நூலில் தேயிலைச் செடிக்கு அடியில் மண்ணாகிப்போனவர்களைப் பற்றிப் பேசும் இடமும் புகழ்பெற்றது. கல்லறை இல்லை, நினைவுக்கல் இல்லை, மேலே முளைத்த புல்தான் மூடியிருக்கிறது என்ற அளவில் அந்த இடம் நிற்கிறது. காடு வெட்டி, கோப்பி போட்டு, பிறகு தேயிலை நட்டவர்கள் அவர்கள். துன்பம், மரணம் என்று பெரிய சொற்களை அவர் அடுக்கும்போது நமக்குச் சற்றே தாகூர் காலத்து சி. வி. நினைவுக்கு வருகிறார். தப்பிலும் பனித்துளியிலும் புல்லிலும் நிற்கும்போது அவருக்கு ஈடு இல்லை.

இடையில் ஊவாக்காரர்களுக்கே உரிய ஒரு செய்தி. ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று மலையைத் தாண்டி நம் பக்கம் வறண்டு வீசும். அந்த நாட்களில் எடுத்த கொழுந்தில்தான் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த தனி மணம் இறங்குகிறது. அந்தத் தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போகும். அங்கே 1883ஆம் ஆண்டு முதல் ஏலம் நடக்கிறது. சுவைஞர்கள் சாயத்தை உறிஞ்சிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அவர்களுடைய பாஷையைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஒரு சாயத்தில் ஒளி இருக்கிறது என்பார்கள், இன்னொன்றில் துடிப்பு இருக்கிறது, உடம்பு இருக்கிறது என்பார்கள். நாக்கில் பட்டதைக் கண்ணாலும் மெய்யாலும் சொல்கிறார்கள். இஸ்டோரிலும் அப்படித்தான். அரைத்துப் பரப்பிய கொழுந்து எப்போது பக்குவமாயிற்று என்பதை டீமேக்கரின் மூக்கும் கண்ணும் சேர்ந்து தீர்மானிக்கும். தேயிலையை விவரிக்க இவ்வளவு நுட்பமான கலப்பு மொழி உலகத்தில் இருந்தது. அதைப் பறித்தவளின் ஒரு நாளை விவரிக்க அப்படியொரு மொழியை 1954இல் சி. வி. செய்துகொடுத்தார்.

அதில் ஒரு முரணும் இருந்தது. கவிதை ஆங்கிலத்தில் இருந்தது, யாரைப் பற்றியதோ அவர்களால் அதை வாசிக்க முடியாது. 1969இல் கவிஞர் சக்தீ அ. பாலஐயா தேயிலைத் தோட்டத்திலே என்ற பெயரில் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பாலஐயா ஓவியரும்கூட. ஆங்கிலத்தில் வாசித்தவருக்குத் தப்பு என்பது எங்கோ கீழைத்தேசத்து முரசு. தமிழில் வாசித்தவருக்கோ அது தன் வீட்டு விடியற்காலை. மொழிபெயர்ப்பு மூலத்தை விட்டு வெகுதூரம் போகிறது என்று சொல்வோரும் உண்டு. இருந்தாலும் பெரும்பாலான தமிழ் வாசகர் சி. வி.யை அறிந்தது அவ்வழியாகத்தான். 1970இல் தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராக எடுத்துச் சித்திரித்த நூலை மறுபடியும் ஆங்கிலத்தில் எழுதினார். உழைக்கப் பிறந்தவர்கள் என்பது அதன் பெயரின் பொருள். தமிழில் வீடற்றவன், இனிப்பட மாட்டேன் முதலிய நாவல்களும் எழுதினார். தேசிய தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிக்கொண்டே மாவலி என்ற இதழையும் நடத்தினார்.

ஆனாலும் அவர் செய்தவற்றுள் நம் அம்மாமாருக்கு மிக அருகில் இருப்பது பாட்டுச் சேகரிப்புத்தான்.

தோட்டத்தில் பாட்டு எழுதியவர்களில் அவருக்கு மூத்தவர் ஒரு பெண் என்பதை இந்த மலரில் சொல்லாமல் விடமுடியாது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிற்சங்கக் கூட்டங்களில் தாமே பாடி, தொழிலாளரைத் திரட்டியவர். 1940இல் இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்ற தலைப்பில் அவருடைய பாடல்கள் சிறு நூலாக வந்தன. மக்களுக்குப் பழக்கமான மெட்டில் சட்டத்தையும் சம்பளத்தையும் உரிமையையும் ஏற்றிப் பாடினார். வாசிக்கத் தெரியாதவருக்குக் காதுதான் புத்தகம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சி. வி. போனது எதிர்த்திசையில். மக்களுக்காகப் பாட்டுச் செய்வதை விட்டு, மக்கள் செய்த பாட்டைக் கேட்கப் போனார். தாலாட்டு, தெம்மாங்கு, கும்மி, வேலைப் பாட்டு, ஒப்பாரி. இவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாப் பெண்கள். மன்னார் வழியே காட்டுப் பாதையில் நடந்து வந்த கதை, கண்டிச் சீமைக் குளிர், கங்காணியின் ஏச்சு, கணக்கப்பிள்ளையின் கள்ளக் கணக்கு, பிள்ளைக் காம்பராவில் விட்டு வந்த பச்சைக்குழந்தை எல்லாம் அவற்றில் இருந்தன. புலன் கலப்பும் அவற்றில் இருந்தது, பெயர் தெரியாமலே. ஒப்பாரியில் செத்தவரைக் கூப்பிடும்போது மின்னுகிற பொன்னும் மணக்கிற சந்தனமும் குளிர்கிற நிழலும் ஒரே மூச்சில் வந்துவிழும். போனவர் வீட்டின் கண்ணுக்கும் மூக்கும் மேனிக்கும் ஒன்றாகத்தான் இல்லாமல் போகிறார். அழுகிறவளுக்கு இதை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காதுதான் தன் ஆங்கிலக் கவிதைக்கும் தாளம் போட்டது என்பதை, பிற்காலத்தில் அவர் இவற்றின் மேல் வைத்த பிடிப்பைப் பார்த்தால் உணரலாம்.

சேகரிப்பதற்கு அவசரமும் இருந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்கவும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரவும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டு, 1974இல் இரு நாடுகளுக்கும் பாதியாய்ப் பகிரப்பட்டது. பதுளை ஸ்டேஷனில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தலைமன்னாருக்கு ரயிலேறியவர்களை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். வகுப்பில் நம் பக்கத்தில் இருந்த தோழி ஒரு நாள் திடீரென வராமல் போவாள், பிறகு கோயம்புத்தூரிலிருந்தோ நீலகிரியிலிருந்தோ ஒரு கடிதம் வரும். ஆட்கள் போகும்போது பாட்டும் போயிற்று. போன இடத்தில் பாடக் கொழுந்து மலை இல்லை, கேட்கப் பக்கத்து நிரைக்காரியும் இல்லை.

அவர் திரட்டிய பாடல்கள் மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற பெயரில் 1983இல் சென்னையில் நூலாயின. அந்த ஆண்டு யூலையில் நம் பதுளைக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கடைகளும் வீடுகளும் எரிந்த அந்த ஆண்டில், எரிக்க முடியாத ஒன்றை ஒருவர் அச்சில் ஏற்றிவைத்தார். மறு ஆண்டு, 1984 நவம்பரில், சி. வி. காலமானார். எழுபது வயது. 1986இல் சாரல் நாடன் அவரைப் பற்றி சி. வி. சில சிந்தனைகள் என்ற நூலை எழுதினார். நாடற்றவர் கதை அதற்கும் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

அச்சில் ஏறிய பாட்டுக்குச் சொல் உண்டு, மெட்டு இல்லை. கண் வாசிக்கும், காது காத்திருக்கும். அந்த மெட்டுகளில் சில இன்னும் நம்மவர் வாயில் இருக்கின்றன. சென்ற ஆண்டு ஒன்றுகூடலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நமுனுகுலைப் பக்கத்து அக்கா ஒருவர், தம் அம்மாயியிடம் கேட்ட தாலாட்டைப் பாடினார். கனடாவிலிருந்து வந்திருந்த மகள் அதைக் கைபேசியில் பதிந்துகொண்டாள். இரண்டாம் அடி நினைவுக்கு வராமல் அக்கா நிறுத்தியபோது, பின்வரிசையிலிருந்து மூன்று பேர் வெவ்வேறு தோட்டத்து மெட்டில் எடுத்துக் கொடுத்தார்கள்.